இல்லத்தில் நட்ட காந்தள்

தமிழ் கற்கும் மாணவருள் காந்தள் என்னும் சொல்லை அறியாதார் ஒருவரும் இலர். குறிஞ்சித் திணைக்குரிய மலர்களைக் குறிப்பிடுக என்று வினாத்தாள் கேட்குமாயின், முதற்கண் எழுதுவது காந்தளே. மகளிர் விரலுக்கு அஃது உவமையாதலும், முருகவேளுக்கு அது கண்ணியாதலும் நமக்கு மனப்பாடம். ஆயினும் அம்மலரை நேரிற் கண்டு, இஃது அதுவே எனத் தெளிந்தோர் நம்முள் எத்துணையர்? வேலியோரத்தில் கொழுந்துவிட்டெரிவது போலப் பூத்துக் கிடக்கும் கண்வலிப் பூவே சங்கச் சான்றோர் போற்றிய செங்காந்தள் என்று கூறியபொழுது, எம் வகுப்புத் தோழர் சிலர் நம்ப மறுத்தனர். அதனைத் தம் இல்லத்தில் நட்டு வளர்த்தோரோ அவர்களுள் ஒருவரும் இலர். ஆகலின், காந்தளை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்கும் முறையினையும், வளர்ப்போர் அஞ்சிக் காக்க வேண்டுவனவற்றையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இவ்வாறு நட்டு வளர்த்தல் புதுவதன்று. குறுந்தொகையின் 361ஆம் பாட்டு, கபிலர் பாடியது, இதற்குப் பழஞ்சான்று. தலைவனுடைய மலையில் மாலைப் பொழுதிற் பெய்த மழையால் யாறு பெருகி, மறுநாட் காலையில் காந்தள் ஒன்றை அடித்துக் கொணர்கின்றது. அவன் மலையினின்றும் வந்தது என்பதனால் தலைவி அதனை எடுத்து, மெல்லிய இலைகள் குழையுமளவும் தழுவிக்கொள்கின்றாள். பின்னர் அதனை இல்லிற்குக் கொண்டுசென்று நடுகின்றாள். இவ்விரண்டனையும் கண்ட அன்னை தடுத்திலள். அவ்வன்னைக்குக் கைம்மாறாக மேலுலகத்தையே அளித்தாலும் அது சிறிதே என்று தலைவி தோழிக்குக் கூறுகின்றாள்.

இப்பாட்டினைக் காதலுக்காகப் படிப்போர் பலர். தோட்ட வேலை அறிந்தோன் ஒருவன் படிப்பின் அவனுக்கு வேறொன்றும் புலப்படும். யாறு கொணர்ந்தது பூங்கொத்தன்று, ஒடிந்த கிளையுமன்று. அடி தொடங்கி முழுமையாகப் பெயர்ந்து வந்த செடி என்பது பாட்டிலேயே தெளிவாக உள்ளது. காந்தளின் தண்டினை ஒடித்து நட்டால் அது வேர்விடாது. கிழங்கோடு நட்டாலன்றி அது பிழைக்க வழியில்லை. தலைவி தழுவிக் குழைத்த இலைகள் அவ்வாண்டே வாடிப்போயிருக்கும். ஆனால் கிழங்கு மண்ணுள் உறங்கி, அடுத்த மழைக்கு மீண்டும் தளிர்த்திருக்கும். கபிலர் இதனை அறிந்தே பாடினார் என்று யாம் கருதுகின்றோம். குறிஞ்சி பாடுவதில் வல்ல அவர், மலையைத் தொலைவில் நின்று பார்த்தவரல்லர்.

எம் ஊர்ப்பக்கம் அப்பாட்டிற்கு உரை எழுதியதுபோல் அமைந்துள்ளது. போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை, முந்தல் என்னும் இடத்தில் மலையடியைத் தொட்டு, பதினேழு கொண்டையூசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டினை அடைகின்றது. போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதனைக் கடந்தால் கேரள நாட்டு ஏலமலைகள். குரங்கணிப் பக்கத்து மலைகளில் மாலையில் மழை பெய்யுமாயின், கொட்டகுடி ஆற்றில் செந்நீர் புரண்டு வருவதனை ஊரார் காண்பர். விறகும் சருகும் வேரோடு பெயர்ந்த செடிகளும் கரையில் ஒதுங்கும். மலையில் பெய்தது ஊரில் வந்து சேர்தல் என்பது எமக்கு உவமையன்று; கண்கூடு.

அச்சரிவில் காந்தள் எல்லா உயரத்திலும் ஒருபடித்தாக வளர்வதில்லை. அடிவாரத்தில் விராலியும் கிளுவையும் முட்புதரும் மண்டிய வெயிற்படும் இடங்களில் அது புதர்களைப் பற்றி ஏறுகின்றது. மேலே போகப் போக மரநிழல் செறிந்து, அந்நிழலில் ஏலமும் காப்பியும் வளர்கின்றன. அங்கே காந்தள் சாலையின் வெட்டவெளி ஓரங்களைத் தேடி ஒதுங்குகின்றது. ஏலத்திற்கு நிழல் வேண்டும். காந்தளுக்கு வெயில் வேண்டும். நிலத்தடியிலுள்ள பகுதியைப் பிரித்து நடுவதில் இரண்டும் ஒத்தனவாயினும், இவ்வொன்றில் நேர்மாறானவை. ஆகவே ஏலத்தோட்டத்து வழக்கத்தை அப்படியே காந்தளுக்குக் கொள்ளுதல் கூடாது.

பெயர்களைப் பற்றிச் சிறிது கூறுவாம். கிழங்கு ஏர்போல் வளைந்திருத்தலின் கலப்பைக் கிழங்கு. வடமொழியில் இலாங்கலி என்பதும் அப்பொருளதே. இலையின் நுனி சுருண்டு பற்றுதலின் தலைச்சுருளி. கார்த்திகைத் திங்களிற் பூத்தலின் கார்த்திகைப் பூ. ஈழத்தில் இப்பெயரே பெருவழக்கு. உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்னும் நம்பிக்கையால் கண்வலிப் பூ, கண்வலிக் கிழங்கு. பூவைப் பார்த்துக் கண்வலி வந்தார் ஒருவரையும் யாம் கண்டதில்லை. எனினும் குழந்தைகளை அச்செடியண்டை செல்லவொட்டாது தடுத்தற்கு இதனினும் சிறந்த பெயர் வேறில்லை. அறிஞர் இலின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதற்குக் கிளோரியோசா சூப்பர்பா என்று பெயரிட்டார். புகழும் பெருமிதமும் சேர்ந்த பெயர் அது. இன்று தமிழ்நாட்டின் அரசு மலர் இதுவே. ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. 1947ஆம் ஆண்டில், அப்பொழுது தென் ரொடீசியா என வழங்கிய அந்நாட்டுப் பள்ளிச் சிறார், எலிசபெத்து இளவரசியின் இருபத்தோராம் பிறந்தநாளுக்கு இம்மலர் வடிவில் வைர அணி ஒன்றனைப் பரிசளித்தனர்.

தோன்றி, கோடல் என்னும் பெயர்களையும் நிகண்டுகள் காந்தளோடு சேர்த்துவிடுகின்றன; தோன்றி செங்காந்தள் என்றும், கோடல் வெண்காந்தள் என்றும் மாணவர் எழுதுகின்றனர். ஆனால் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிய கபிலர், காந்தளை முதலில் வைத்ததோடு, கோடலையும் தோன்றியையும் தனித்தனியே எண்ணுகின்றார். ஒரு பூவையே மும்முறை எண்ணுதற்கு அவர் என்ன கணக்கறியாதவரா? தோன்றியைப் பற்றி எமக்கு ஒரு கருத்துண்டு. காந்தள் மலர் மொட்டவிழும்போது பசுமையானது. பின் அடி மஞ்சளும் நுனி சிவப்புமாகி, ஒரு வாரத்திற்குள் முழுதும் செந்நிறம் பெறும். ஒரே கொடியில் மூன்று நிறப் பூக்களை ஒருங்கே காணலாம். வளர்த்துப் பாராதவர், இந்நிறங்களைக் கொண்டு இரண்டு பூக்களென எண்ணவும் கூடும். வேறு இரண்டனை ஒன்றென எண்ணவும் கூடும். வெண்மை கூறப்படும் கோடலையோ இதனுள் அடக்க வழியில்லை.

மணத்தைப் பற்றியும் ஒரு சொல். பழம்பாட்டுக்களில் காந்தள் கமழும், வண்டு மொய்க்கும். எம் வேலியிற் பூத்த காந்தளை முகந்து பார்த்தோம். எம் மூக்கிற்கு மணம் ஒன்றும் எட்டவில்லை. மழைக்குப் பின் மலைச்சாரல் முழுவதும் கமழ்வதனை, அங்கே மிகுதியாகக் கண்ணிற் படும் பூவின்மேல் ஏற்றிக் கூறினர் போலும். பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் இம்மலரை நாடி வருதல் மெய்.

இனி மேனாட்டுத் தோட்டநூல்களைப் புரட்டுவோர்க்கு ஐரிஸ் என்னும் மலர் தெரிந்திருக்கும். கிரேக்கரின் வானவில் தெய்வத்தின் பெயர் பெற்றது அது. நிறங்களின் செல்வத்தால் குளிர்நாட்டுத் தோட்டங்களில் அதற்கு உயர்ந்த இடமுண்டு. ஆனால் தாடி ஐரிஸ் எனப்படும் புகழ்பெற்ற வகை, மாரிக்காலக் கடுங்குளிரில் உறங்கி எழுந்தாலன்றி நன்கு பூவாது. போடியின் வெயிலில் அதனை வற்புறுத்துதல் அதற்கும் துன்பம், நமக்கும் துன்பம். அதன் கிழங்கினை மண்ணின் மேற்பரப்பில் முதுகு வெயிலிற் காயுமாறு நடுவர். காந்தட் கிழங்கினை அவ்வாறு நட்டால் கெட்டுவிடும். ஐரிஸ் குளிரில் உறங்கி வெயிலில் எழுவது. காந்தள் கோடையில் உறங்கி மழையில் எழுவது. உறங்கும் காலம் அறிந்து உறங்கவிடுதலே இரண்டிற்கும் பொதுவான இரகசியம்.

கிழங்கின் அமைப்பை அறிந்தாலன்றி நடுதல் கூடாது. அஃது இரண்டு கொம்புகள் ஒரு மூட்டில் இணைந்தது போல்வது. ஒவ்வொரு கொம்பின் நுனியிலும் ஒரே முளை உண்டு; வேறெங்கும் இல்லை. உருளைக்கிழங்கினைத் துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டிலும் கண் இருத்தல் கூடும். ஏலத்தூரைப் பிரித்தால் ஒவ்வொரு தட்டையின் அடியிலும் புதுமுளை கிளைக்கும். காந்தளுக்கு அவ்வசதி இல்லை. நுனி ஒடிந்தால் அக்கொம்பு வீண். கிழங்கோ எளிதில் முறியும் இயல்பினது. அடிவாரத்துத் தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் எமக்குக் கிழங்கு எடுத்துக் காட்டியபொழுது, "தம்பி, இதுக்கு உசுரு மூக்குல இருக்கு. மூக்கு ஒடிஞ்சா கெழங்கு செத்துப்போச்சுன்னு வச்சுக்கங்க" என்றார். தாவர நூல் ஒரு பக்கத்தில் விரித்துரைப்பதனை அவர் இரண்டு வாக்கியங்களில் முடித்துவிட்டார்.

நடுவதற்கு ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள கொம்புகள் தக்கன. மிகச் சிறியன முதலாண்டில் இலைவிட்டு நின்றுவிடும், பூப்பதில்லை. இரு கொம்புகளையும் மூட்டில் மெல்லப் பிரித்து, வெட்டுவாய் ஆறும்வரை நிழலில் உலர்த்தல் நலம். ஈரம் ஆறாத வாயினை மண்ணிற் புதைத்தால் அழுகல் அவ்வழியே புகும். விதையினின்றும் வளர்க்கலாமெனினும், விதை முளைப்பது தாமதம். முளைத்தது பூக்கும் பருவம் அடைய மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். இளங்கலைப் படிப்பு முடிவதற்குள் பூக்காண விரும்புவோர் கிழங்கையே நடுக.

மண் செம்மண்ணாயினும் மணல் கலந்த வண்டலாயினும் ஆகுக. நீர் தேங்குவதாக மட்டும் இருத்தல் கூடாது. காந்தளுக்கு நோயினும் பெரும்பகை தேங்கிய நீரே. கரிசலில் நடுவோர் மேடு கட்டி நடல் வேண்டும். மலைச்சரிவில் உள்ளோர்க்கு இத்தொல்லை இல்லை, சரிவே வடிகாலாகும். மட்கிய தொழுவுரத்தைக் கலந்து, ஆனி ஆடி மாதங்களில் மூன்று நான்கு அங்குல ஆழத்தில் கொம்பினைக் கிடையாக வைத்து, முளையுள்ள நுனி நசுங்காதவாறு மண்ணை மூடுக. செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி போதும். தொட்டியில் வளர்ப்போர் ஓர் அடிக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டியைக் கொள்க.

முளை வெளிப்பட்டதும் பற்றுக்கோடு வேண்டும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். அவரைக்கும் பாகலுக்கும் நடுவது போலத் தடித்த கழியை நட்டுவிட்டு, கொடி ஏறவில்லையே என்று வருந்துகின்றனர். அவரை தன் தண்டினாற் சுற்றி ஏறுவது. காந்தள் அவ்வாறு சுற்றுவதன்று. அதன் இலையின் நுனியே குறுகிய பற்றுக்கம்பியாகிச் சுருண்டு பிடிப்பது. அச்சிறு விரலுக்குத் தடித்த கழி எட்டாது. மெல்லிய மிலாறும் நூலும் கம்பியும் அகப்படும். கிளைகள் செறிந்த விராலி மிலாறுகளைச் செருகி வைத்தால் அது மகிழ்ந்து ஏறும். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கத்து உழவர் கம்பி கட்டியும், கிளுவையையும் விராலியையும் துணையாகக் கொண்டும் இக்கொடியினைப் பயிராக ஏற்றுகின்றனர். மலையடியில் காந்தள் தானே தேடிக்கொண்ட துணையும் அவைதாம் என்பது நோக்கத்தக்கது. கொடி ஐந்தாறு அடி உயரும். தண்டு மெலிந்து முறியும் தன்மையது ஆகலின், காற்றடிக்கும் பக்கத்தில் மறைப்பிருத்தல் நன்று. போடிக் கணவாய்வழி ஆடிக்காற்று வீசுவதனை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

களையெடுக்கும்போது களைக்கொட்டினைச் செடியின் அடியிற் செலுத்தாது கையாற் பிடுங்குக. மழை தவறியபோது மண் ஈரங்காக்க நீர் விடுக. இலைகளில் கருநிற உடலும் வெண்புள்ளி செம்புள்ளிகளும் உடைய புழுக்கள் சில நாளிற் கொடியை மொட்டையாக்கிவிடும். மனிதனைக் கொல்லும் நஞ்சினை உணவாக்கிக்கொள்ளும் இப்புழுவின் வயிறு வியத்தற்குரியது. வீட்டுத் தோட்டத்திற்கு மருந்து தெளித்தல் வேண்டா. காலையில் கையுறையணிந்து பொறுக்கி அகற்றினால் போதும்.

புரட்டாசி தொடங்கிக் கார்த்திகை வரையிற் பூக்கும். அப்பொழுது ஒவ்வொரு நாளும் சென்று பார்க்க வேண்டும். மலரின் முகம் நிலத்தை நோக்கும். அலைபோல் நெளிந்த ஆறு இதழ்களும் பின்மடிந்து வானத்தை நோக்கும். கையைத் தொங்கவிட்டு விரல்களை மேலே வளைத்தாற் போன்ற தோற்றம். விரல் ஐந்து, இதழ் ஆறு ஆயிற்றே என்று வினவும் நண்பர் ஒருவர் எமக்குண்டு. உவமையைக் கணிதத்தால் அளப்பாரிடம் யாம் வழக்காடுவதில்லை. இதழ்களின் கீழே ஆறு மகரந்தத் தண்டுகள் விரிந்து நிற்க, சூல்தண்டு மட்டும் அடியிலேயே மடங்கி ஒருபக்கமாக நீண்டு கிடக்கும். இதனால் தன் மகரந்தம் தன் சூல்முடியில் எளிதிற் படுவதில்லை; சிறகுடைய உயிர்கள் வந்து தொட்டுச் செல்ல வேண்டும். பயிராக வளர்ப்போர் அவற்றையே நம்பியிராது, காலை எட்டு மணி முதல் பதினொரு மணிக்குள் ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவின் சூல்முடியில் கையாலேயே தடவுகின்றனர். விதை வேண்டாத வீட்டார்க்கு அவ்வேலை இல்லை. காய் பிடித்தால் கிழங்கின் வலிமை அங்கே செல்லும். ஆகவே வாடிய பூக்களைக் கிள்ளிவிடுதலே நலம். சிறுவர் உள்ள வீட்டில் இது கட்டாயம் என்போம். காரணம் அடுத்து வருவது.

காந்தளின் கிழங்கு, விதை, தண்டு, இலை, மலர் யாவும் நஞ்சு. கிழங்கும் விதையும் கொடு நஞ்சு. அந்நஞ்சின் பெயர் கோல்ச்சிசின். இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவிற் பூக்கும் கோல்ச்சிக்கம் என்னும் செடியிலிருந்து 1820ஆம் ஆண்டில் பெல்லத்தியே, கவாந்து என்னும் பிரெஞ்சு வேதியியலார் அதனை முதலிற் பிரித்தனர். காந்தட் கிழங்கிலும் அது உண்டென்பதனை ஆங்கில வேதியியலார் 1915ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குறுந்தொகை முதன்முதல் அச்சேறியதும் அவ்வாண்டே. தலைவி நட்டது எத்தகைய கிழங்கு என்பதும், அவள் நட்டாள் என்பதும் ஓராண்டில் வெவ்வேறு கண்டங்களில் அச்சாகி வந்தன. ஒன்றனைப் படித்தோர் மற்றொன்றனைப் படித்திரார்.

கோல்ச்சிசின் உயிரணுக்கள் பிரிந்து பெருகுதலைத் தடுக்கும். இடையறாது புதுப்பிக்கப்படும் குடற்படலமும் எலும்புமச்சையும் அதனால் முதலிற் கெடுகின்றன. இந்நஞ்சின் கொடுமை அதன் பொறுமையிலுள்ளது. உண்டவுடன் ஒன்றும் தோன்றாது. சில மணி நேரம் கழித்தே தொண்டை எரிச்சலும் வாந்தியும் பெரும் பேதியும் தொடங்கும். அதற்குள் நஞ்சு உடலிற் பரவிவிடும். பிழைத்தார்க்கும் இரண்டொரு வாரங்களில் தலைமயிர் கொட்டும். வள்ளிக்கிழங்கு என மயங்கிச் சமைத்துண்டு இறந்தோர் உண்டு. வாழ்க்கையை வெறுத்து இதனை நாடி இறந்தோரும் உண்டு என்பதனைத் தமிழ்நாட்டு மருத்துவரும் இலங்கை மருத்துவரும் எழுதியுள்ளனர். இதற்கென மாற்று மருந்து மருத்துவமனைகளில் வைக்கப்பட்டிருப்பதில்லை. ஆகவே ஒருவர் சிறிது உண்டார் என ஐயுற்றாலும், வாந்தி வரட்டும் பார்ப்போம் என்று காத்திராமல், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. உண்டது எதுவென்று மருத்துவர் அறியுமாறு செடியின் ஒரு துண்டையும் பையிலிட்டு எடுத்துச் செல்க. மகப்பேற்றிற்கு என்றும் பாம்புக் கடிக்கு என்றும் இக்கிழங்கைச் சொல்லும் கைவைத்தியம் நாட்டில் உலவுகின்றது, அதனைச் செவிக்கொள்ளற்க.

இவ்வளவு நஞ்சுடையதனை ஏன் வளர்க்க வேண்டும் என்பார்க்கு, நம் வீட்டு வாசலிலுள்ள அரளியும் ஊமத்தையும் நஞ்சே என்பதனை நினைவூட்டுகின்றோம். அறிந்து வைத்தலே காப்பு. கபிலர் பாட்டின் அன்னையும் மலையூர்ப் பெண்ணே. மகள் கையிலிருந்தது எத்தகைய கிழங்கென அவள் அறியாதிருத்தல் எங்ஙனம்? தலைவன் மலைப்பூ என்பதனாலும், நஞ்சுக் கிழங்கு என்பதனாலும் தடுத்தற்கு அவளுக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. இருந்தும் அவள் தடுத்திலள். இது பழைய உரைகளில் இல்லாத பொருள். எம் கருத்தாகவே கொள்க. மேலுலகமும் சிறிது என்று தலைவி கூறியதன் கனம், கிழங்கின் தன்மை அறிந்த பின்னரே எமக்கு விளங்கிற்று.

அளவறிந்து மருத்துவர் கொடுக்கும்போது அந்நஞ்சே கீல்வாயு என்னும் மூட்டு நோய்க்கு மருந்தாகின்றது. பயிர் வளர்ப்போர்க்கும் அது கருவி. 1937ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பிளேக்ஸ்லீ, ஏவரி என்போர், கோல்ச்சிசின் தடவிய செடிகளில் நிறப்புரிகள் இருமடங்காவதனைக் காட்டினர். நியூயார்க்கு நகரின் மருத்துவப் பேராசிரியர் கரியர் மெக்யூவன் மூட்டு நோய் வல்லுநர்; மலர் வளர்ப்பதிலும் பேரார்வலர். அவர் 1960களில் இம்மருந்தினைச் சைபீரிய ஐரிஸ் நாற்றுக்களுக்கு இட்டு, பெரிய மலர்களும் தடித்த தண்டுகளும் உடைய புதுவகைகளை உண்டாக்கினார். முன்னர்க் கூறிய ஐரிசுக்கும் காந்தளுக்கும் இவ்வாறு ஓர் உறவுண்டு. குளிர்நாட்டுத் தோட்டத்தில் ஐரிஸ் பெருத்துப் பூக்கத் துணைநின்றது நம் வேலியோரக் கிழங்கிலும் உள்ள நஞ்சே.

இம்மருந்திற்காகவே காந்தள் காடுகளிற் பெருவாரியாகத் தோண்டப்பட்டது. கிழங்கை எடுத்தால் செடி இல்லை. விதையை முழுதும் பறித்தால் நாற்று இல்லை. முன்னர்ப் புதர்தோறும் கண்ட இடங்களில் இன்று தேடிக் காண வேண்டியுள்ளது என்று எம் ஊர் முதியோர் கூறுகின்றனர். நற்பேறாக, தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், கரூர், வேதாரணியம் முதலிய பக்கங்களில் உழவர் இதனைப் பயிராக்கி விதையினை ஏற்றுமதிக்கு விற்கின்றனர். வீட்டில் நட விரும்புவோர் அவ்வுழவரிடமே கிழங்கு பெறுக. போடிமெட்டுச் சாலையோரத்திற் பூத்திருப்பதனைக் கண்டு கடப்பாரை எடுத்தல் வேண்டா. காப்புக்காட்டில் தோண்டுதல் 1882ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றம். அன்றியும், அவசரமாகத் தோண்டுவோன் கையில் அக்கிழங்கின் மூக்கு ஒடியாமல் வருதல் அரிது. ஆற்று வெள்ளம் தானே கொணர்ந்து கரையில் வைத்ததனை எடுத்த தலைவி, மலையேறித் தோண்டியவள் அல்லள்.

பூ முடிந்து மார்கழி தை மாதங்களில் கொடி மஞ்சளித்துக் காயும். பலர் செடி செத்ததென எண்ணி மேலும் மேலும் நீர் ஊற்றுவர். உறங்கும் கிழங்கு அந்நீரில் அழுகும். கொடி காயத் தொடங்கியதும் நீரை நிறுத்திவிடுக. காய்ந்த தண்டினைத் தானே கழலும்வரை விடுக. நிலத்தில் நட்டவற்றை அங்கேயே விட்டுவைக்கலாம். இடம் தெரியுமாறு குச்சி ஒன்று நாட்டுக. தொட்டியில் உள்ளவற்றையும் பிரிக்க வேண்டியவற்றையும் மாசியில் எடுக்கலாம். நட்ட பழங்கொம்பு சுருங்கி வெறுந்தோலாகியிருக்க, அதனிடத்தில் இரு கொம்புகளையுடைய புதுக்கிழங்கு இருக்கும். ஒன்று நட்டால் இரண்டு என்பது அதன் கணக்கு. சுற்றிலும் ஓர் அடி தள்ளி மண்ணைத் தளர்த்தி, கையாலேயே துழாவி எடுக்க வேண்டும், மண்வெட்டி ஆகாது.

எடுத்தவற்றை உலர்ந்த மணலில் அடுக்கி, மண்பானையிலிட்டு, நிழலில் வைக்கலாம். அப்பானையை அடுக்களையிலும், வெங்காயம் சேனை முதலியன வைக்கும் அறையிலும் வைத்தல் கூடாது. பானையின்மேல் சுண்ணாம்பால் நஞ்சு என்று எழுதி, வீட்டிலுள்ள யாவர்க்கும் வேலையாட்களுக்கும் சொல்லி வைக்க. கிழங்கைத் தொடும்போது கையுறை அணிக. பின்னர்க் கையும் கருவியும் கழுவுக. ஒடிந்த துண்டுகளைக் குப்பையில் எறியாது, ஆடுமாடு கிளறாத ஆழத்திற் புதைத்துவிடுக. வைகாசி இறுதியில் மணலைத் தட்டிப் பார்த்தால், சில கொம்புகளின் நுனியில் வெளிறிய முளை நெல்மணியளவு எழுந்திருக்கும். அவற்றை முதலில் நடுக.